கணினி விளையாட்டுகள், பழையனவும் புதியனவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விளையாட்டு நல்லதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

தோற்ற பிறகு, ஏன் தோற்றோம் என்பதை ஆடியவர் தாமாகவே கண்டுபிடிக்க முடிகிறதா என்பதை வைத்துத்தான். படத்தின் அழகு, கதையின் நீளம், உலகத்தின் பரப்பு ஆகியவற்றையெல்லாம் அதற்குப் பிறகே பார்ப்பேன். தனக்கென விதிகளை வகுத்துக்கொண்டு, அவற்றை ஆடுபவருக்குத் தெரியும்படி வைத்து, கடைசி வரை அவற்றுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் விளையாட்டை நேர்மையான விளையாட்டு என்பேன். கீழே உள்ள எல்லாப் பதில்களும் இந்த அளவுகோலில் இருந்தே வருகின்றன. ஆகவே இதை ஏற்காதவர்களுக்கு என் தீர்ப்புகளில் பாதியேனும் தவறாகத் தோன்றலாம்.

பள்ளிக் கணினி அறையில் ஆடிய 'டேவ்' உண்மையிலேயே நல்ல விளையாட்டா, இளமைக்கால நினைவுதான் அதை உயர்த்திக் காட்டுகிறதா?

நல்ல விளையாட்டுதான். ஜான் ரொமேரோ 1988 இல் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய 'டேஞ்சரஸ் டேவ்', 1990 இல் டாஸ் இயங்குதளம் ஓடும் கணினிகளுக்கு வந்தது. நம் ஊர்ப் பள்ளிகளின் கணினி அறைகளுக்கு அது பிளாப்பி வட்டுகள் வழியாகப் பரவியது. மொத்தம் பத்து நிலைகள். கோப்பையை எடுக்காமல் கதவு திறக்காது. தீயும் நீரும் தொட்டவுடன் கொல்லும். இவ்வளவுதான் விதி, இதை முதல் நிமிடத்திலேயே புரிந்துகொள்ளலாம். டேவ் எவ்வளவு உயரம் எம்புவான் என்பது விரல்களுக்குப் பழகிவிட்டால், தவறிய ஒவ்வொரு தாவலும் நம்முடைய தவறாகவே இருக்கும்.

இதற்குப் பின்னால் இருக்கும் வரலாறு அந்த ஆட்டத்தை விடப் பெரியது. 1990 செப்டம்பரில் ரொமேரோவுடன் வேலை செய்த ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும் ஒரே இரவில், நின்டெண்டோவின் மூன்றாவது மாரியோ விளையாட்டின் முதல் நிலையை, மாரியோவுக்குப் பதிலாக டேவை வைத்து, சாதாரணக் கணினித் திரையில் வழுக்கிக்கொண்டு நகரும்படி செய்து காட்டினார்கள். அந்தக் காலத்துக் கணினிகளால் முழுத் திரையையும் அத்தனை வேகமாகத் திரும்பத் திரும்ப வரைய இயலாது. ஆகவே முந்தைய காட்சியிலிருந்து மாறிய சதுரங்களை மட்டும் புதிதாக வரையும் வழியைக் கார்மாக் கண்டுபிடித்தார். அந்த இரவின் தொடர்ச்சியாகவே 'கமாண்டர் கீன்' வந்தது, 1991 பிப்ரவரியில் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் பிறந்தது, அங்கிருந்து 'டூம்' என்னும் சுடும் விளையாட்டு வந்தது.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை இன்றும் ஏன் இவ்வளவு உயர்த்திப் பேசுகிறீர்கள்?

ஓர் உடலுக்கு எடை உண்டு என்பதை ஆடுபவரின் விரல்களுக்கு உணர்த்திய முதல் சில விளையாட்டுகளில் அது ஒன்று. 1989 இல் வெளிவந்த இதை ஜோர்டான் மெக்னர் ஏறத்தாழத் தனி ஆளாகவே உருவாக்கினார். தம் தம்பி டேவிட் ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் எடுத்து, காட்சி காட்சியாகப் பிரித்து, அவற்றின் மீது இளவரசனின் அசைவுகளை வரைந்தார். வாள்சண்டைக்கு 1938 இல் வந்த ஒரு திரைப்படக் காட்சி உதவியது. ஓடும் இளவரசன் விசையை விட்டவுடன் நின்றுவிட மாட்டான். ஓரடி சறுக்கித்தான் நிற்பான். அந்த ஓரடியில் பள்ளமோ முட்களோ இருந்தால் அவன் கதை முடிந்தது. விளிம்பருகே ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடக்கக் கற்றுக்கொள்பவர்தான் அந்தக் கோட்டையைக் கடப்பார். கடப்பதற்கு 60 நிமிடம் மட்டுமே உண்டு. எத்தனை முறை இறந்தாலும் கடிகாரம் நிற்காது.

என்னை மிகவும் கவர்ந்தது நிழல் மனிதன். ஆப்பிள் 2 கணினியின் நினைவகம் நிரம்பிவிட்டதால் புதிய எதிரி ஒருவனை வரைந்து சேர்க்க இடமில்லை. இளவரசனின் படத்தையே சற்று நகர்த்தி, தன்னோடு தானே கழித்துக்கொள்ளும்படி செய்தபோது மினுமினுக்கும் ஓர் உருவம் கிடைத்தது. கூடுதல் நினைவகம் தேவைப்படவில்லை. நான்காம் நிலையில் இளவரசன் ஒரு கண்ணாடியை உடைத்துக்கொண்டு தாவும்போது அந்த நிழல் வெளியே வருகிறது. ஐந்தாம் நிலையில் நமக்கு முன்பாக ஓடிப்போய் மருந்தைக் குடித்துவிடுகிறது, ஆறாம் நிலையில் நம் முகத்துக்கு நேரே கதவை மூடுகிறது. பன்னிரண்டாம் நிலையில் அதனோடு வாளெடுத்து மோதினால், அதன் மீது விழும் ஒவ்வொரு வெட்டும் நம் உயிரையும் குறைக்கிறது. வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடப்பதே வழி. இதை விளக்க ஒரு சொல் கூடத் திரையில் தோன்றாது. தன் உயிர்க்கோடு குறைவதைக் கண்ணால் பார்ப்பவருக்கு அது போதும். பற்றாக்குறையிலிருந்து பிறந்த ஒரு தந்திரம் கதையின் உச்சமாகவே மாறிய இதற்கு இணையான இன்னொன்றை விளையாட்டுகளில் நான் காணவில்லை.

கதை சார்ந்த பழைய சாகச விளையாட்டுகளில் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

1990 இல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் அதே ஆண்டு வந்த 'கிங்ஸ் குவெஸ்ட் 5' ஐப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் ஓரிடத்தில் ஒரு பூனை ஓர் எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்தச் சில நொடிகளுக்குள் கையில் இருக்கும் பழைய காலணியையோ வேறு பொருளையோ பூனையின் மீது எறிந்தாக வேண்டும். எறியத் தவறினால் ஆட்டம் எதுவும் சொல்லாமல் தொடரும். வெகுநேரம் கழித்து ஒரு விடுதியின் நிலவறையில் கட்டுண்டு கிடக்கும்போது, கயிற்றைக் கடித்து விடுவிக்க அந்த எலி வராது. அங்கிருந்து முன்னேற வழியே கிடையாது. மணிக்கணக்கில் செலவிட்ட உழைப்பை இப்படிச் சத்தமில்லாமல் பாழாக்குவதைக் கடினம் என்று பாராட்டுவதை நான் ஏற்பதில்லை.

ரான் கில்பர்ட் குழுவினரின் 'மங்கி ஐலண்ட்' இதற்கு நேர் எதிராக எழுதப்பட்டது. அதில் ஆடுபவர் வழியின்றிச் சிக்கிக்கொள்ளும் இடம் இல்லை. நாயகன் சாவதும் ஏறத்தாழ இல்லை. தன்னால் பத்து நிமிடம் மூச்சடக்க முடியும் என்று நாயகன் சொல்லிக்கொள்வான். கடலடியில் அவனைப் பத்து நிமிடத்துக்கு மேல் விட்டுவைத்தால் மட்டும் உண்மையிலேயே இறந்துபோவான். சொன்ன விதியைச் சொன்னபடியே காப்பாற்றுவது என்றால் இதுதான்.

'டூம்' விளையாட்டில் பழையது சிறந்ததா, புதியது சிறந்ததா?

1993 டிசம்பரில் வந்த முதல் 'டூம்' தான் என் தேர்வு. மேலே கீழே குறிபார்க்க வேண்டிய தேவையே அதில் இல்லை. ஆகவே ஆடுபவரின் கவனம் முழுவதும் எங்கே நிற்பது, எந்த வாசலைப் பின்னால் விட்டுவைப்பது, எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை குண்டு மிச்சம் என்பதிலேயே இருக்கிறது. ஓர் அரக்கனின் தீயுருண்டை இன்னோர் அரக்கன் மீது படும்படி விலகி நின்றால் அவர்கள் தமக்குள் அடித்துக்கொள்வார்கள் என்பதை யாரும் சொல்லித் தராமலே அறிந்துகொள்ளும் கணம் மிக இனியது.

2016 இல் வந்த மறு உருவாக்கம் அந்த வேகத்தை மீட்டெடுத்தது. சுவரோரம் பதுங்கி உடல்நலம் தேறக் காத்திருக்கும் பழக்கத்தை ஒழித்து, எதிரியை நெருங்கி வீழ்த்தினால்தான் உயிர் கூடும் என்று அது மாற்றியமைத்தது சிறந்த யோசனை. 2020 இல் வந்த 'டூம் எட்டர்னல்' இதையே அளவுக்கு மீறிக் கொண்டுபோய்விட்டது. குண்டுகள் வேண்டுமானால் ரம்பம், கவசம் வேண்டுமானால் தீ, உயிர் வேண்டுமானால் நெருக்கத்தில் கொலை என்று எல்லாவற்றுக்கும் ஒரே விடையை அது முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. அந்த ஆட்டத்தைத் திறம்பட ஆடும்போதும், வேறொருவர் வகுத்த வரிசையை ஒப்பிப்பதாகவே உணர்கிறேன்.

நாகரிகம் வளர்க்கும் 'சிவிலைசேஷன்' வரிசையில் எந்தப் பாகம் சிறந்தது? காந்தி அணுகுண்டு வீசுவார் என்பது உண்மையா?

2005 இல் வந்த நான்காம் பாகம். ஐந்தாம் பாகம் 2010 இல் அறுகோணக் கட்டங்களையும், ஒரு கட்டத்தில் ஒரு படை மட்டுமே நிற்கலாம் என்ற விதியையும் கொண்டு வந்தது. மனிதர்களுக்கிடையே அது அழகான விதி. ஆனால் கணினி ஆடும் எதிரிகளால் அந்த நெரிசலில் படை நடத்த முடியவில்லை. மலையிடுக்கில் நிற்கும் இரண்டு வில்லாளர்களிடம் பெரிய சேனைகள் மடிந்துபோவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான்காம் பாகத்தின் எதிரி அந்த விதிகளை நன்றாகப் புரிந்துகொண்டு ஆடுகிறது. அதனிடம் தோற்பதில் பொருள் இருக்கிறது. 2025 இல் வந்த ஏழாம் பாகம், ஆட்டத்தை மூன்று யுகங்களாகப் பிரித்து, யுகம் மாறும்போது நாகரிகத்தையும் மாற்றச் சொல்கிறது. அதன் இரண்டாம் யுகத்தில் சோழர்கள் தனி நாகரிகமாக இடம்பெற்றிருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே. ஆயினும் கற்காலத்தில் நட்ட ஊரை விண்வெளிக் காலம் வரை ஒரே மக்களோடு கொண்டு செல்லும் நீண்ட பற்று, யுகத்துக்கு யுகம் அறுந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

காந்தி கதைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பிழை பொய். 1991 இல் வந்த முதல் பாகத்தில், இந்தியாவின் தலைவராக வரும் காந்தியின் போர்க்குணம் என்னும் எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி 255 ஆகச் சுழன்றுவிட்டது என்ற பிழைக்கதை பல ஆண்டுகள் உலவியது. அப்படியொரு பிழையே இருந்ததில்லை என்று அதன் படைப்பாளி சிட் மேயர் தம் நினைவுக்குறிப்பில் எழுதிவிட்டார்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' இல் திராவிடர்கள் பலவீனமானவர்கள் என்கிறார்களே?

எந்த வரைபடத்தில் ஆடுகிறோம் என்பதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. 1999 இல் பிறந்த இந்தப் போர் வியூக விளையாட்டுக்கு 2022 ஏப்ரலில் வந்த விரிவாக்கத்தில் திராவிடர், வங்காளர், கூர்ஜரர் ஆகியோர் சேர்க்கப்பட்டார்கள். இராஜேந்திர சோழனின் படையெடுப்புகள் ஒரு தொடராகவே அமைந்துள்ளன. திராவிடர்களின் வலு காலாட்படையிலும் கடற்படையிலும் இருக்கிறது. ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் அவர்களுக்கு 200 மரம் இனாமாகக் கிடைக்கிறது. நீர்நிலை உள்ள வரைபடத்தில் இதன் மதிப்பு உடனே தெரியும்; எதிராளி மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே நம் துறைமுகமும் மீன்பிடிப் படகுகளும் தயாராகிவிடும்.

திறந்த நிலப்பரப்பில் நிலைமை வேறு. குதிரைப்படை மிகவும் பலவீனமானது. எதிரியின் கவண் பொறிகளை ஓடிப்போய் அடிக்க ஆளில்லை. உருமி என்னும் சுருள்வாள் ஏந்திய வீரர்கள் கூட்டமாக நிற்கும் காலாட்படையை ஒரே வீச்சில் நாசம் செய்வார்கள், ஆனால் வில்லாளர்களை நெருங்குவதற்கு முன்பே பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள். ஆகவே சண்டை தொடங்கும் முன்பே எதிராளியைக் காட்டோரத்துக்கோ கரையோரத்துக்கோ இழுப்பதுதான் திராவிடர்களை ஆடும் கலை. ஒவ்வொரு நாகரிகத்துக்கும் இப்படி ஒரு வெளிப்படையான குறையை வைத்து, அதைச் சுற்றிச் சிந்திக்க வைப்பதால்தான் இந்த விளையாட்டு கால் நூற்றாண்டு கடந்தும் போட்டிகளில் நிற்கிறது.

'டார்க் சோல்ஸ்', 'எல்டன் ரிங்' போன்றவை தேவையின்றிக் கடினமானவை அல்லவா?

2011 இல் வந்த 'டார்க் சோல்ஸ்' கடினமானது, ஆனால் நியாயமானது. எதிரி வாளை ஓங்குவது கண்ணுக்குத் தெரியும், விலக நேரமும் இருக்கும். முதல் நகரத்தில் தட்டுத்தடுமாறி மேலேறி, ஒரு தேவாலயத்தைக் கடந்து, அங்குள்ள மின்தூக்கியில் இறங்கும்போது, அது நாம் புறப்பட்ட நெருப்பிடத்துக்கே வந்து நிற்கும். அத்தனை தொலைவும் ஒரே செங்குத்துப் பாறையின் மேலும் கீழுமாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கும். வரைபடம் இல்லாத ஓர் உலகம் மனத்தில் தானாகவே வரைபடமாகிறது.

'எல்டன் ரிங்' 2022 இல் வந்தது. அதன் முதல் முப்பது மணிநேரம் ஒப்பற்றது. பிறகு, சுரங்கங்களில் அதே தலைமை எதிரிகள் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். பனிமலைக்குப் பிறகு எதிரிகளின் அடி மட்டும் கனக்கிறது, ஆட்டம் ஆழமாவதில்லை. மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருந்தால் இன்னும் பெரிய படைப்பாகியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அண்மைக் கால விளையாட்டுகளில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.

லூகாஸ் போப் 2018 இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஒரு கப்பல் 1802 இல் லண்டனிலிருந்து புறப்பட்டுக் காணாமல் போய், 1807 இல் ஆளில்லாமல் துறைமுகம் சேர்கிறது. காப்பீட்டு மதிப்பீட்டாளராக நாம் ஏறிப் பார்க்க வேண்டும். கப்பலில் இருந்த 60 பேரும் யார், எப்படி மடிந்தார்கள் அல்லது எங்கே போனார்கள் என்பதை எழுத வேண்டும். ஒரு பிணத்தின் அருகே பைக்கடிகாரத்தைத் திறந்தால், அவர் இறந்த நொடி மட்டும் உறைந்த காட்சியாகக் கிடைக்கும். அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம்.

இதில் யாருடைய பெயரும் தலைக்கு மேல் மிதக்காது. ஒருவரின் பேச்சுத் தொனி, மாலுமிகள் உறங்கும் தூளிகளில் குறித்த எண், கையில் இருக்கும் புகைக்குழாய், யார் யாரோடு நின்று உண்கிறார்கள் என்பது போன்றவற்றிலிருந்துதான் ஆளை அறிய வேண்டும். தூளியின் எண்ணைக் கப்பலில் இருந்தோர் பட்டியலோடு ஒப்பிட்டு, வேறொரு காட்சியில் அதே தூளிக்கு வெளியே தொங்கும் காலைக் கொண்டு ஒருவரைப் பெயரிட்டு, அது சரி என்று ஆட்டம் ஒப்புக்கொள்ளும்போது வரும் நிறைவை வேறெந்த விளையாட்டும் எனக்குத் தந்ததில்லை. மூன்று பேரின் கதி சரியாக அமைந்த பிறகே ஆட்டம் அவற்றை உறுதி செய்யும். அதனால் கண்மூடி ஊகிப்பவரால் அதிகத் தூரம் போக முடியாது. அறிந்தவரோ நிறுத்தப்படுவதும் இல்லை. ஒற்றை வண்ணக் கோட்டோவியம் போன்ற திரை முதலில் கண்ணை உறுத்தலாம். அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'வெண்பா' பற்றி உங்கள் கருத்து?

கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை, 1980களின் இறுதியில் தொடங்கி, சமையலின் வழியாகச் சொல்லும் இந்த விளையாட்டை டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கும். அழிந்த வரிகளை நாம் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போய்ச்சேரும் என்பது அதன் முதல் புதிர்.

கதையாக என்னை அது முழுமையாக வென்றது. தாய்க்கும் மகனுக்கும் இடையே மொழி மெல்ல மெல்லச் சுருங்குவதைச் சமையலறை மேடையை விட்டு அகலாமலே காட்டிவிடுகிறது. புதிர்களாகப் பார்த்தால் இன்னும் துணிந்திருக்கலாம். தவறாகச் சமைத்தால் மீண்டும் முதலிலிருந்து செய்யச் சொல்கிறதே தவிர, தவறிய சமையல் கதையில் எந்தத் தடத்தையும் விடுவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதைக் குறையாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து நிறுத்திக்கொள்ளும் விளையாட்டுகள் இன்று மிகக் குறைவு.

நகரம் கட்டும் விளையாட்டுகளை ஏன் குறை சொல்கிறீர்கள்?

விரும்புவதால்தான். வில் ரைட்டின் 1989 'சிம்சிட்டி' முதல் 2015 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' வரை, குடியிருப்பு ஓரிடம், கடை ஓரிடம், தொழிற்சாலை ஓரிடம் என்று தனித்தனியாகப் பிரித்தே நகரம் வளர்கிறது. கீழே கடையும் மேலே வீடுமாக நிற்கும் மதுரை மாசி வீதிகளை அவற்றில் கட்டவே முடியாது. அமெரிக்க நகரமைப்பின் ஒரு கொள்கை அங்கே இயற்கை விதியாக நடமாடுகிறது, ஆடுபவருக்கு அது ஒரு தேர்வு என்பதே தெரிவதில்லை. 2023 இல் வந்த 'ஸ்கைலைன்ஸ் 2' கலப்புக் குடியிருப்பை அனுமதித்தது வரவேற்கத்தக்கது. வெளியான வேளையில் நல்ல கணினிகளிலும் அது திணறியது வேறு விஷயம்.

'கவுண்டர் ஸ்ட்ரைக்' வெறும் சுடும் விளையாட்டுதானே?

பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து 1.6 பதிப்பை ஆடிய தலைமுறைக்கு அது பணத்தைக் கையாளும் விளையாட்டு என்பது தெரியும். முதல் சுற்றில் ஆளுக்கு 800 டாலர். ஏகே 47 வாங்க 2,500, ஏடபிள்யூபி என்னும் தொலைதூரத் துப்பாக்கி வாங்க 4,750. தோற்ற சுற்றில் மிச்சம் பிடித்து அடுத்த சுற்றில் ஐந்து பேரும் சேர்ந்து வாங்கும் அணி, குறிபார்ப்பதில் தன்னை விடத் தேர்ந்த அணியையும் வெல்லும். ஆட்டத்தின் அடிப்படை இன்றும் அப்படியே உள்ளது. காசு கொடுத்து, உள்ளே என்ன வரும் என்று தெரியாத பெட்டிகளைத் திறக்கும் பழக்கம் அதைச் சுற்றி வளர்ந்ததைத்தான் நான் எதிர்க்கிறேன். சிறுவர்கள் புழங்கும் இடத்தில் சூதாட்டத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

இணையம் இல்லாமல் இயங்காத விளையாட்டுகளை வாங்கலாமா?

இயன்றவரை வேண்டாம் என்பேன். யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' விளையாட்டின் சேவையகங்கள் 2024 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டபோது, அதை விலை கொடுத்து வாங்கியவர்களிடம் ஆடுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அதன் விளைவாக எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் கோரிக்கைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மறுபுறம் 'டூம்' மூல நிரலை இட் சாஃப்ட்வேர் 1997 இலேயே வெளியிட்டது. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் நிரல் அடங்கிய பழைய வட்டுகளை மெக்னரின் தந்தை வீட்டு அலமாரியில் கண்டெடுக்க, அது 2012 இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த இரண்டையும் இன்று யாராலும் அழிக்க முடியாது.

பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் எப்படி ஆடுவது?

டாஸ் காலத்தவற்றுக்கு டாஸ்பாக்ஸ் என்னும் நிரல் போதும். 'டேவ்' தறிகெட்டு ஓடினால் கண்ட்ரோலையும் எஃப் 11 விசையையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். மந்தமானால் எஃப் 12. 'மங்கி ஐலண்ட்' வகையறாவுக்கு ஸ்கம்வியெம் என்னும் நிரல் மேலும் வசதியானது. 'டூம்' ஆடுவதற்கு, திறந்த நிரலிலிருந்து உருவான இன்றைய பதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் முதல் முறை ஆடும்போது, மவுசால் மேலும் கீழும் குறிபார்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நிலைகள் எல்லாம் அது இல்லாத ஆட்டத்துக்காகவே வரையப்பட்டவை. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை விசைப்பலகையிலேயே ஆடுங்கள், இடது கை எப்போதும் ஷிப்ட் விசையின் மீது இருக்கட்டும்.